பதினோரு நிமிடம் பிந்திய வீடு

மேஸ்திரி வீட்டில் அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆனால் காலை பத்தே கால் மணிக்கு மேல் அது ஞாயிற்றுக்கிழமை மாதிரியே இல்லை.

பத்தே காலுக்கு மகள் தன் அம்மாவை ஃபோனில் கூப்பிட்டாள். மகளுக்கு டெலிவிஷன் நிலையத்தில் வேலை. பெரிய வேலை ஒன்றுமில்லை. ஆட்டக்காரர்களின் பெயர்ப்பட்டியலையும் யார் எத்தனை கோல் போட்டார்கள் என்ற கணக்கையும் வர்ணனையாளர் முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று வருடமாக வைத்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை நான்கு மணிக்குக் கால்பந்து லீக்கின் கடைசி ஆட்டம், ஊர் அணிக்கும் துறைமுக அணிக்கும். வழக்கமான வர்ணனையாளர் காலையில் எழுந்து வாயைத் திறந்தால் தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்ததாம். யாரைக் கூப்பிடுவது என்று பெரியவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, பட்டியல் வைக்கிற பெண் எழுந்து நின்று தான் பேசுவதாகச் சொல்லிவிட்டாள். அவர்களுக்கும் வேறு ஆள் கிடைக்கவில்லை. ஆக, இன்றைய ஆட்டம் முழுவதும் அவள் குரலில்.

அம்மா சமையலறையிலிருந்து கூடத்துக்கு ஓடி வந்தாள். வந்து மேஸ்திரியின் முகத்துக்கு நேரே நின்றுகொண்டு விஷயத்தைச் சொன்னாள். மேஸ்திரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து போய், எதற்கென்று தெரியாமல் வாசல் கதவைத் திறந்து மூடிவிட்டு வந்தார்.

"ஆட்டம் முடிஞ்சதும் கூப்பிடுவாளாம்" என்றாள் மனைவி. "எப்படி இருந்துச்சுன்னு அப்பாதான் சொல்லணுமாம். நான் சொன்னா நம்ப மாட்டாளாம்."

அது நியாயம்தான். நான்கு வயதிலிருந்தே அந்த வீட்டில் நடப்பதற்கெல்லாம் வர்ணனை சொன்னவள் அவள். அப்பா சவரம் செய்வது, அம்மா போர்வை மடிப்பது, கரப்பான்பூச்சி அலமாரிக்கு அடியில் புகுந்து தப்பித்தது என்று எதையும் விட்டுவைக்க மாட்டாள். அம்மாவுக்கு எல்லாமே பிரமாதம். அப்பா மட்டும்தான், "மூச்சு விட்டுப் பேசு, ஒண்ணும் புரியல" என்பார். பிள்ளைகள் அதை மறப்பதில்லை. புகழ்ந்தவர்களை மறந்துவிட்டு, திருத்தியவரிடம்தான் போய் நிற்கும்.

சந்தோஷத்தில் மேஸ்திரிக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அதற்குள்ளேயே ஒரு பயமும் புகுந்துகொண்டது. காரணம், அவர் யாரிடமும் சொல்லாத ஒரு சங்கதி. அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது.

இருபத்தாறு வருடம் கிரானைட் அறுக்கும் பட்டறையில் நின்றவர். சமையல் மேடைக்கும் மாடிப்படிக்கும் கல் அறுப்பார்கள். அந்த ரம்பம் கல்லைத் தொடும்போது வருகிற சத்தத்தைக் கேட்டவர்களுக்கு விளக்கம் வேண்டாம், கேட்காதவர்களுக்கு விளக்கி லாபமில்லை. பஸ் ஹார்ன் அவருக்குக் கேட்கும், கதவு அறைவது கேட்கும், ஆட்கள் பேசுகிறார்கள் என்பதும் கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்பதுதான் கேட்காது. 'ச', 'த', 'க்' மாதிரிக் கூரான எழுத்தெல்லாம் உதிர்ந்துபோய், மிச்சம் ஒரு மொத்தையாக வந்து விழும். அதனால் அவர் வாயைப் பார்த்துப் பழகிக்கொண்டார். பட்டறையில் எல்லோருமே அப்படித்தான் பேசுவார்கள் என்பதால் அந்த வித்தை அவருக்குக் கைவந்த கலை. எதிரே நின்று பேசினால் ஒரு சொல் தப்பாது. ஃபோன் வந்தால் மட்டும், "எனக்கு இதுல பேசுறதே பிடிக்காது" என்று மனைவியிடம் தள்ளிவிடுவார். அவருடைய கோபத்தை ஊர் அறியும் என்பதால், அதையும் கோபம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது பாருங்கள், வர்ணனையாளருக்கு முகம் கிடையாது. திரையில் பந்து தெரியும், புல் தெரியும், இருபத்திரண்டு பேருடைய முட்டி தெரியும். பேசுகிறவருடைய வாய் தெரியாது. மகள் இரண்டு மணி நேரம் பேசுவாள், அப்பா அதில் ஒரு வார்த்தை பிடிக்க மாட்டார். ஆட்டம் முடிந்ததும் அவள் கூப்பிட்டு எப்படி இருந்தது என்று கேட்பாள். பிரமாதம் என்று ஒரு பொய் சொல்லலாம். அவளுக்குப் பொய் சொல்கிற ஆட்களுக்குப் பஞ்சமில்லை, அவர் ஒருவரிடம்தான் அவள் உண்மை கேட்கிறாள்.

டெலிவிஷனை நம்பிப் பயனில்லை. அட்டை போல ஒல்லியான புது மாடல், ஸ்பீக்கரை முதுகில் வைத்திருக்கிறான். அது சுவரைப் பார்த்துப் பேசும். ஆனால் கூடத்து மூலையில் மேஸ்திரியின் பழைய ஆம்ப்ளிஃபயர் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது, உள்ளேயே ரேடியோ உண்டு, இரண்டு பக்கமும் இடுப்புயர மர ஸ்பீக்கர். அதில் ட்ரெபிள் என்று ஒரு குமிழ். அந்தக் குமிழை வலது பக்கம் திருகத் திருக, உதிர்ந்துபோன எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும் என்று அவர் ஒருநாள் ரேடியோவில் செய்தி கேட்கும்போது கண்டுபிடித்திருந்தார். அதையும் யாரிடமும் சொல்லவில்லை. டெலிவிஷன் சத்தத்தை அந்தப் பெட்டி வழியாக வரவழைத்துவிட்டால் போதும்.

"சத்தம் கம்பீரமா இருக்கணும். ஆம்ப்ளிஃபயர்ல கனெக்‌ஷன் குடுக்கப் போறேன்" என்று மனைவியிடம் சொன்னார். ஏன், எதற்கு என்று அவள் கேட்கவில்லை. தன் தம்பியைக் கூப்பிட்டாள்.

தம்பிக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. பதினைந்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் போய் மோட்டாரைக் கழற்றி மாட்டுகிறவனுக்கு ஒரு ரெக்கார்டர் பெட்டி எம்மாத்திரம் என்பது அவன் எண்ணம். மனைவி தொடர்களைப் பதிவு செய்துகொள்ள மகள் போன வருடம் வாங்கிக் கொடுத்த பெட்டி அது, டெலிவிஷனே அதன் வழியாகத்தான் ஓடும். முதுகில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு துளை, ஆம்ப்ளிஃபயர் முதுகிலும் அதே இரண்டு துளை. நடுவில் ஒரு ஒயர் போட்டால் முடிந்தது. அந்த ஒயரைத் தேடித்தான் ஞாயிற்றுக்கிழமையில் நான்கு மூடிய கடைகளின் ஷட்டரைத் தட்டினான். கடைசியில் ஒரு சிநேகிதன் வீட்டில் பாட்டுப் பெட்டியிலிருந்து பிடுங்கிக்கொண்டு மூன்றரை மணிக்கு வந்து சேர்ந்தான்.

சிவப்பில் சிவப்பு, வெள்ளையில் வெள்ளை. ஆம்ப்ளிஃபயரைப் போட்டார்கள். ஸ்பீக்கரில் ரேடியோ பாடியது.

அப்போதுதான் மேஸ்திரிக்கு ஞாபகம் வந்தது. ரேடியோவிலிருந்து ஒயர் வழிக்கு மாற்ற முன்பக்கம் ஒரு பட்டன் இருந்தது. இருந்தது என்பதுதான் விஷயம். மகள் சின்னவளாக இருந்தபோது ஒருநாள் அதைக் கட்டை விரலால் அழுத்தியதில் அது உள்ளேயே போய்விட்டது. பிறகு ரிமோட்டில்தான் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த ரிமோட்டும் ஐந்து வருடம் முன்னால் செத்துவிட்டது. இரண்டு முறை பேட்டரி மாற்றிப் பார்த்து, செய்தவனைத் திட்டித் தீர்த்து, மேஸ்திரி அதைக் குப்பையில் போட்டிருந்தார்.

மச்சினன் அசரவில்லை. ரெக்கார்டர் பெட்டியோடு வந்த ரிமோட்டுக்கு வேறு பெட்டிகளின் பாஷையும் தெரியும் என்றான். சின்னப் புத்தகம் ஒன்று இருக்கிறது, அதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் நான்கு இலக்க எண்கள் போட்டிருக்கும், மேல் பட்டனை அழுத்திப் பிடித்து, விளக்கு இரண்டு முறை சிமிட்டியதும் எண்ணைப் போட்டு, பவர் பட்டனை அழுத்த வேண்டும். ஆம்ப்ளிஃபயர் அணைந்தால் அதுதான் சரியான எண். அப்புறம் அந்த ரிமோட்டே எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும். மனைவி அந்தப் புத்தகத்தை ஒரு நிமிடத்தில் எடுத்துக்கொண்டு வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள், எந்தச் சின்னத் தாளையும் தூக்கிப் போட மாட்டாள்.

மேஸ்திரியின் கம்பெனிக்குப் பதினான்கு எண்கள் இருந்தன. மச்சினன் ஒவ்வொன்றாகப் போட்டான். மேஸ்திரி ஆம்ப்ளிஃபயரின் விளக்கையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது. ஏழாவது எண்ணுக்கு அடுத்த அறையில் காற்றாடி நின்றது, அதற்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம்.

நான்கு மணி ஆயிற்று. திரையில் இரண்டு அணியினரும் வரிசையாக நடந்து வந்தார்கள். நடுவர் விசிலை வாயில் வைத்தார். இனி ஒரு நொடியில் மகள் பேச ஆரம்பித்துவிடுவாள், ஸ்பீக்கரில் யாரோ பாடிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் போச்சு என்று மேஸ்திரி தலையில் கை வைத்தார்.

மனைவி தம்பியின் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி ஒரு பட்டனை அழுத்தினாள். நடுவர் விசிலும் கையுமாக அப்படியே நின்றார்.

"இந்தப் பெட்டி நிறுத்தி வைக்கும். நான் தினமும் சீரியலை நிறுத்தி வச்சிட்டுத்தான் அடுப்பை அணைக்கப் போறேன்" என்றாள். "நாம எப்போ விடுறோமோ, அங்கேருந்து ஓடும். ஒரு வார்த்தை போகாது. நீங்க நிதானமா பாருங்க."

அந்த நிமிடத்தில் மேஸ்திரிக்கு அவளை இன்னொரு முறை கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று தோன்றியது.

நிதானமாகப் பார்த்தார்கள். பதினான்கு எண்ணும் தீர்ந்தது. மறுபடி முதலிலிருந்து போட்டார்கள். மச்சினன் நின்று போட்டான், உட்கார்ந்து போட்டான், ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு சாண் பக்கத்தில் போய்க் குனிந்து போட்டான். விளக்கு அசையவில்லை. அவன் தன் அத்தானின் பெட்டியைப் பற்றி மரியாதைக் குறைவாக ஏதோ சொன்னான். மேஸ்திரி அவனுடைய லிஃப்ட்களைப் பற்றி ஏதோ சொன்னார். ஊர் அணி அங்கே மைதானத்தில் பத்து நிமிடமாக ஓடிக்கொண்டிருந்தது, இங்கே நடுவர் இன்னும் ஊதவில்லை.

அப்போது மனைவி கேட்டாள், "ரிமோட் அனுப்புறதை இது எதால பாக்கும்? அதோட கண்ணு எங்க இருக்கு?"

மற்ற இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கல்லுக்காரர் வீட்டில் எல்லாம் கல்லாக இருக்கும். செருப்பு வைக்கிற பலகை கிரானைட், ஃபோன் மேஜை கிரானைட், சோப்பு வைக்கிற தட்டு கிரானைட். ஐந்து வருடம் முன்னால் ஒரு வெளிநாட்டு ஆர்டரில் மிஞ்சிய கருங்கல்லில், ஆம்ப்ளிஃபயருக்கும் மேஸ்திரி ஒரு வீடு கட்டினார். இரண்டு பக்கச் சுவர், மேலே கூரை, முன்னால் அழகுக்காக மூன்று விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. கண்ணாடி மாதிரி பாலிஷ். வந்தவர்கள் எல்லோரும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த மூன்று விரல் பட்டை ஆம்ப்ளிஃபயரின் நெற்றியை மூடிக்கொண்டிருந்தது. நெற்றியில்தான் அதற்குக் கண்.

மேஸ்திரிக்கு முகம் வெளிறியது. கல் வீடு கட்டிய அதே வாரத்தில்தான் அந்தப் பழைய ரிமோட் செத்தது. அது சாகவில்லை. அதைக் கல்லால் குருடாக்கிவிட்டு, பேட்டரி மாற்றி, திட்டி, குப்பையில் போட்டது அவர்தான். இதைப் பட்டறையில் யாருக்காவது சொன்னால், ஓய்வு பெறுகிற வரைக்கும் அவரை விட மாட்டார்கள்.

சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. இரண்டு ஆண்களும் கல் வீட்டைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்பக்கமாக ஆம்ப்ளிஃபயரை உருவி எடுத்தார்கள். மேஸ்திரியின் கட்டை விரல் நசுங்கியது, அவர் கவனிக்கவில்லை. தரையில் வைத்தார்கள். நெற்றியில் ஒரு சின்னக் கறுப்பு ஜன்னல், ஐந்து வருடத்துக் கல்தூசியோடு. மனைவி கண்ணாடி துடைக்கிற துணியை எடுத்து வந்து துடைத்தாள். மச்சினன் முதல் எண்ணைப் போட்டு பவரை அழுத்தினான்.

விளக்கு அணைந்தது.

முதல் எண்ணேதான். மறுபடி அழுத்த, எரிந்தது. ஒயர் வழிக்கு மாற்றினான், பாட்டு நின்றது. சத்தத்தைக் கூட்டுகிற பட்டனை அழுத்தினால், ஆம்ப்ளிஃபயரின் பெரிய குமிழ் யாரும் தொடாமல் தானாகவே சுற்றியது. மூன்று பேரும் அதைப் பார்த்துக் குழந்தைகள் மாதிரிச் சிரித்தார்கள். மணி நான்கு பதினேழு. மேஸ்திரி தரையில் சம்மணம் போட்டு ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்தார். ட்ரெபிள் குமிழில் கை வைத்தார். மனைவி பெட்டியை ஓட விட்டாள்.

நடுவர் ஊதினார். பந்து உருண்டது. ஒரு குரல் வந்தது, பெண் குரல் என்று தெரிந்தது, மொத்தையாக இருந்தது. மேஸ்திரி குமிழை வலது பக்கம் கொஞ்சம் திருகினார். இன்னும் கொஞ்சம்.

"...காலையில பெய்ஞ்ச மழையில புல் இன்னும் ஈரமாத்தான் இருக்கு, பந்து நெனச்சதை விட வேகமா வழுக்கிட்டுப் போகும். பாருங்க, ரெண்டு கோல்கீப்பரும் கையுறையை மாத்திட்டு வந்திருக்காங்க..."

கையுறை. அந்தச் சொல் முழுசாக, முனை மழுங்காமல் வந்தது. பக்கத்தில் வாய் இல்லை, முகம் இல்லை, வெறும் குரல். அதிலிருந்து மேஸ்திரி சொல்லைப் பிடித்தார். மகளின் குரலை அவர் கேட்டே இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் பேசுவதைப் பார்த்திருக்கிறார், கேட்கவில்லை. எவ்வளவு மாறியிருக்கிறது என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் கனத்திருந்தது, அடியில் ஒரு சிரிப்பு இருந்தது. பந்து எங்கே போகிறது என்று பார்க்கவே இல்லை, காது குளிரக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்து நிமிடம் கூட ஆகியிருக்காது. கட்டடமே அதிர்ந்தது. மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு எல்லாவற்றிலிருந்தும் ஒரே கூச்சல். மச்சினன் துள்ளி எழுந்தான். திரையில் ஊர் அணியின் பின்வரிசை ஆள் ஒருவர் சாவகாசமாக பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"கோல் விழுந்துருச்சு. அத்தான், நாம பதினேழு நிமிஷம் பின்னாடி இருக்கோம்" என்றான் மச்சினன். ஒரு பட்டனை அழுத்தினால் இப்போது நடக்கிற இடத்துக்குத் தாவிவிடலாம், ஊரே பார்த்த கோலை நாம் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறோமே என்று பரபரத்தான். ரிமோட்டை நோக்கிக் கையை நீட்டினான். மேஸ்திரி ரிமோட்டை எடுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். தாவினால் நடுவில் பதினேழு நிமிடப் பேச்சு போய்விடும். ஒரு நிமிடம் கூடத் தர முடியாது என்றார்.

அதற்கப்புறம் மச்சினன் பட்ட பாடு கொஞ்சமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஊரே ஆட்டத்தின் நாற்பதாவது நிமிடத்தில் இருக்க, இவர்கள் இருபத்து மூன்றில் இருந்தார்கள். பக்கத்து வீட்டில் 'ஐயோ' என்று கத்தினால், எந்த 'ஐயோ' அது என்று பதினேழு நிமிடம் காத்திருந்து தெரிந்துகொள்ள வேண்டும். துறைமுக அணி ஒரு கோல் போட்டுச் சமன் செய்ததை, கட்டடம் செத்த வீடு மாதிரி அமைதியானதை வைத்தே அவன் கண்டுபிடித்தான்.

இடைவேளை வந்தது. விளம்பரங்களை ஓட்டித் தள்ள மேஸ்திரி சம்மதித்தார். அதில் ஆறு நிமிடம் மிச்சமாகி, பதினேழு பதினொன்றானது. மீதி இடைவேளையையும் தள்ளினால் கிட்டத்தட்ட ஊரைப் பிடித்துவிடலாம் என்று மச்சினன் கெஞ்சினான். ஆனால் திரையில் ஒரு பழைய ஆட்டக்காரர் உட்கார்ந்திருந்தார், மகளின் குரல் அவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. அவளைக் காட்டவில்லை.

"இடைவேளைப் பேச்சை யார் அத்தான் கேப்பாங்க" என்றான் மச்சினன். "அதுல என்ன இருக்கு?"

பதில் சொல்ல வேண்டுமானால் மேஸ்திரி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். மனைவிதான் சொன்னாள். தம்பியைப் பார்த்துச் சொல்லவில்லை. வந்து மேஸ்திரியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அவருக்குக் காது கேக்குறதில்லடா. ரெண்டு வருஷமாச்சு. நான் எது சொல்லணும்னாலும் அவர் முன்னாடி வந்து நின்னுதான் சொல்றேன். நீ கவனிச்சதே இல்லையா?"

மேஸ்திரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. சமையலறையிலிருந்து அவள் கத்திக் கூப்பிட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் மறைத்து வைத்திருந்ததாக நினைத்த ஒன்றை, அவள் தினமும் பத்து தடவை நடந்து வந்து காப்பாற்றிக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது, கூடவே சுமை இறங்கியது மாதிரியும் இருந்தது. கடைக்கு வருகிறவர்கள் படி ஏறும்போதே யாருக்கு எந்தக் கண் மங்கல் என்று சொல்லிவிடுகிறவளிடம் எதை மறைக்க முடியும்.

மச்சினனும் தரையில் வந்து உட்கார்ந்தான்.

ஆனாலும் அவனும் மனிதன்தானே. இரண்டாவது பாதி முடியப் போகிற நேரத்தில், யாரையோ பார்க்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு வெளியே போனான். எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. சற்று நேரத்தில் கட்டடம் இடிந்துவிடும் போல ஒரு ஆரவாரம் எழுந்தது, தட்டுகளை அடிக்கிற சத்தம் கூட வந்தது. அவன் திரும்பி வந்தபோது உதட்டை இறுக்கி மூடியிருந்தான், ஆனால் முகம் முழுக்க முடிவு எழுதி ஒட்டியிருந்தது. அக்கா அவனைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தான், தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

மேஸ்திரிக்கு அதில் கவலையில்லை. யார் ஜெயிக்கிறார்கள் என்பதை ஊர் முழுக்கத் தெரிந்துவைத்திருக்கட்டும். மகள் அதை எப்படிச் சொல்லப் போகிறாள் என்பதுதான் அவருக்கு வேண்டும். பெரிய கோல் அது, அவளுடைய முதல் நாள் அது. அந்தக் கோலை அவள் சொல்கிற விதத்தை வைத்துத்தான் அவளை நாளைக்குக் கூப்பிடுவார்களா, மறுபடி பட்டியல் வைக்க அனுப்புவார்களா என்று முடிவாகும்.

இவர்கள் கணக்கில் எண்பத்தெட்டாவது நிமிடத்தில் ஃபோன் அடித்தது. மகள்தான். அங்கே எல்லாம் முடிந்து, வெளியே வந்துவிட்டாள். மனைவி எடுத்து, இங்கே இன்னும் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது, நீ பேசுவதை அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார், அப்படியே இரு என்று சொல்லி, ஃபோனை வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

தொண்ணூறு. ஊர் அணியின் ஏழாம் எண் பந்தை எடுத்துக்கொண்டு ஓரமாக ஓடினார். மகளின் குரல் கூடவே ஓடியது. ஒருவரைத் தாண்டினார், இன்னொருவரைத் தாண்டினார், குரல் ஏறியது, மேஸ்திரி முட்டி போட்டு எழுந்துவிட்டார். ஏழாம் எண் காலை வீசினார். வலை ஆடியது.

குரல் நின்றுவிட்டது.

இரண்டு ஸ்பீக்கரிலும் மைதானத்தின் இரைச்சல் மட்டும் வந்தது. திரையில் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள். மகள் இல்லை. மேஸ்திரி ட்ரெபிளைத் திருகினார். குமிழ் கடைசி வரை போய் நின்றது, ஸ்பீக்கர் சீறியது, குரல் இல்லை. காது போய்விட்டது என்று நினைத்தார். இவ்வளவு நேரம் கேட்டது போதும் என்று, இந்த ஒரு இடத்தில், வேண்டியிருந்த ஒரே இடத்தில் போய்விட்டது. மண்டியிட்டபடியே நகர்ந்து ஸ்பீக்கர் துணியில் காதை வைத்து அழுத்தினார். அழுகை வந்துவிடும் போல இருந்தது.

மனைவி வந்து அவருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் முகத்தைக் கொண்டுவந்தாள். காதில் ஃபோன் இருந்தது.

"உங்களுக்கு ஒண்ணுமில்ல. அவ அங்க பேசலையாம்."

அவர் அவள் வாயையே பார்த்தார்.

"கோல் விழுந்ததும் வாயடைச்சுப் போச்சாம். ஒரு நிமிஷத்துக்கு மேல ஒரு வார்த்தை வரலையாம். எல்லாத்தையும் கெடுத்துட்டேனான்னு கேக்குறா. அழுறா."

மேஸ்திரி ஃபோனை வாங்கினார். இரண்டு வருடத்தில் அவராகக் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் அவள் என்ன சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளக் காத்திருக்கவும் இல்லை. பேசினார்.

"நீ பேசாதது எனக்குக் கேட்டுச்சும்மா. எனக்குக் காது சரியாக் கேக்குறதில்ல, ரெண்டு வருஷமா. உன்கிட்ட சொல்லல. இன்னைக்கு உன் பேச்சு மொத்தமும் கேட்டேன், கையுறைன்னு சொன்னியே, அதுலேருந்து. நீ நிறுத்தினதும் என் காதுதான் போச்சுன்னு நெனச்சு உயிரே போயிடுச்சு. ஒண்ணும் கெடுக்கல. அந்த நேரத்துல யார் என்ன சொல்லியிருந்தாலும் அது இரைச்சல்தான்." மூச்சு வாங்கிக்கொண்டார். "இடைவேளைக்கு அப்புறம் ஒரு இடத்துல ரொம்ப வேகமா ஓடிட்டே. மூச்சு விட்டுப் பேசு."

ஃபோனில் ஏதோ சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. சொல்லச் சொல்லி மனைவியைப் பார்த்தார். அவள் சொல்லவில்லை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மச்சினன் சுவரிலிருந்து திரும்பிவிட்டிருந்தான்.

அப்போது ஸ்பீக்கரில், மைதானத்து இரைச்சலுக்கு மேலே, கம்மிய குரல் ஒன்று எழுந்தது. முதலில் ஏழாம் எண்ணின் பெயரை மட்டும் சொன்னது. பிறகு மெதுவாக அடுத்த சொல்லை எடுத்தது.

மேஸ்திரி ஒரு கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் சும்மா இரும்மா" என்றார் ஃபோனில். "நீ பேசுறே. நான் கேக்கணும்."